மாசி பங்குனியில் வெள்ளாறு: மீன்பிடிப்பும் மீன்விதைக் காப்பும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

நெல், கரும்பு, உளுந்து, கறவை மாடு ஆகியவற்றின் அபிவிருத்தியைப் பற்றி நம் சங்கங்களில் அடிக்கடி ஆலோசிக்கப்படுகின்றது. ஆற்றையும் ஏரியையும் பற்றிப் பேச நேரும்பொழுது பாசனத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றோம். அந்த ஜலத்தில் வளரும் மீனும் ஒரு விளைச்சலே என்பதும், அதற்கும் விதை, பருவம், அறுவடை என்னும் மூன்றும் உண்டு என்பதும் பலருடைய நினைவுக்கு வருவதில்லை. சேத்தியாத்தோப்பைச் சூழ்ந்த கிராமங்களுக்கு வெள்ளாறும் வீராணம் ஏரியும் இரு பெருஞ் செல்வங்கள். மாசி பிறந்தவுடன் இவ்விரண்டிலும் ஜலம் குறையத் தொடங்கும். குறையும் ஜலத்தில் மீன் பிடிப்பது எளிது. எளிதாய் இருப்பதனாலேயே அக்காலத்தில் விளையும் நஷ்டமும் பெரிது. அப்பருவத்தில் ஆற்றின் நிலையை அறிந்து மீன் பிடிப்பது எவ்வாறு, எதைப் பிடிக்காமல் விடுவது என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கடனுக்கும் மீனுக்கும் ஒரே முன்னோடி

நம் மாகாணத்தில் ஐக்கிய இயக்கத்திற்கும் மீன் இலாகாவிற்கும் ஒருவரே வழிகாட்டியாய் இருந்தார் என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம். ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் என்பவர் விவசாயிகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும் வழியை ஆராய்ந்து 1895ஆம் வருஷத்திலும் 1897ஆம் வருஷத்திலும் இரண்டு பாகங்களாக அறிக்கை எழுதினார். 1904ஆம் வருஷத்து ஐக்கிய நாணயச் சங்கச் சட்டத்திற்கு அவ்வறிக்கை ஓர் அடிப்படையாயிற்று. அதற்குப் பின்பு அவரே சென்னை மாகாணத்தின் மீன்வளத்தை ஆராய முற்பட்டார். 1907இல் மீன் இலாகா அவருடைய தலைமையில் உருவாயிற்று. கடனில் மூழ்கிய குடியானவனும் கையில் மூலதனம் இல்லாத மீனவனும் ஒரே நோயால் வருந்துகின்றனர். இருவருக்கும் சங்கமே மருந்து என்று கொண்டவர் அவர்.

அவருக்குக் கீழ் மீன்வளர்ப்பு நிபுணராய் இருந்தவர் எச். ஸி. வில்ஸன். இவர் செய்த காரியங்களுள் இரண்டு நமக்கு வேண்டுவன. ஒன்று நீலகிரி மலையில் நிகழ்ந்தது; மற்றொன்று கொள்ளிடத்துக் கீழணையில் நிகழ்ந்தது. முதலில் மலைக்குச் சென்று, பின்பு நம் ஊருக்கு இறங்கி வருவோம்.

மலை ஆற்றில் பின்பனிக் காலம்

டிரௌட் என்பது குளிர்ந்த தேசத்து மீன். 1860களில் பிரான்ஸிஸ் டே என்னும் மீனியல் அறிஞர் அதை நீலகிரியில் குடியேற்ற முயன்றும் பலன் கிட்டவில்லை. முட்டைகள் கடல் வழியே வரும்பொழுதே வெப்பத்தால் அழிந்தன. 1906-07இல் வில்ஸன் மீண்டும் முயன்று வெற்றி பெற்றார். அவலாஞ்சியில் முட்டை பொரிக்கும் நிலையம் ஒன்று 1907இல் ஏற்பட்டது. அங்கே பொரித்த குஞ்சுகளே நீலகிரியின் ஓடைகளிலும் ஏரிகளிலும் விடப்பட்டன.

இம்மீன் மலை ஜலத்தை விட்டு இறங்காததற்குக் காரணம் ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயுவாகும். ஜலம் குளிர்ந்திருந்தால் அதிக வாயுவைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். சூடேறினால் அதனை வெளிவிடும். 10 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு லிட்டர் ஜலத்தில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கலாம். 20 டிகிரியில் அது 9 ஆகவும், 30 டிகிரியில் ஏழரை ஆகவும் குறையும். டிரௌட் 20 டிகிரிக்கு மேல் வருந்தும். 25 டிகிரியை அணுகினால் மடியும். இவ்வெண்களை அங்கத்தினர் மனத்தில் வைத்துக்கொள்க. வெள்ளாற்றின் மீனும் இதே கணக்கிற்கு உட்பட்டதே.

டிரௌட்டைப் பிடிக்கும் முறை விசித்திரமானது. மலை ஓடையின் கற்களுக்கு அடியில் சிறு பூச்சிகள் புழுப் பருவத்தில் வாழ்கின்றன. அவை வளர்ந்தவுடன் ஜலத்தின் மேல் வந்து இறகு விரித்துப் பறக்கும். சில வகை ஒரு நாளிலேயே மடிந்துவிடும். அவை மேலே வரும் வேளையில் டிரௌட் எழுந்து கவ்வும். இதைக் கண்ட மேல்நாட்டார் முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சியைப்போல ஒன்றைச் செய்து, நீண்ட கோலினால் ஜலத்தின்மேல் மெல்ல வீசுவர். அப்பொய்ப் பூச்சிக்கு எடை இல்லை. கயிற்றின் எடையே அதனை முன்னே கொண்டு செல்லும். எந்தப் பூச்சி எந்த வேளையில் எழுகின்றது என்பதை அறியாதவன் நாள் முழுவதும் வீசினாலும் வெறுங்கையோடு திரும்புவான்.

மேல்நாட்டார் வசந்தத்தின் தொடக்கம் என்று கூறும் மார்ச்சு மாதம் நமக்குப் பின்பனிக் காலமாகும். அப்பருவத்தில் மலை ஆறுகளின் நிலை இடத்திற்கு இடம் வேறுபடும். காஷ்மீரத்தில் பனி உருகத் தொடங்குவதால் ஆறு பெருகிக் கலங்கும். ஜலம் மிகக் குளிர்ந்திருக்கும். மீன் சோம்பி அடியில் கிடக்கும். வெயில் ஏறிய நடுப்பகலில் பூச்சி எழும். அப்பொழுதே மீனும் எழும். ஆதலால் அங்கே விடியற்காலையில் ஆற்றங்கரைக்கு ஓடுவதில் பயனில்லை. நீலகிரியிலோ அது மழையற்ற காலம். ஓடை மெலிந்து தெளிந்திருக்கும்; கரையில் நிற்பவனின் நிழலைக் கண்டே மீன் ஓடிவிடும். குளிர்கால மாதங்களில் முட்டையிட்ட மீன்கள் மெலிந்திருக்கும். டிரௌட் கூழாங்கற்களினிடையே குழி பறித்து முட்டையிடுவது. அந்த இடத்தில் மனிதன் நடந்தாலே முட்டை நசுங்கும்.

இக்காரணங்களால் டிரௌட் உள்ள இடங்களில் எல்லாம் மீன்பிடிப்பவனுக்குக் கட்டுப்பாடு உண்டு. அனுமதிச் சீட்டு பெறவேண்டும். குறித்த அளவிற்குச் சிறிய மீனைத் திரும்ப விடவேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை மீன் என்ற வரம்பு உண்டு. முட்டையிடும் மாதங்களில் ஆறு மூடப்படும். நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீனையும் காப்பதற்கென 1879ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அயல்நாட்டிலிருந்து வந்த மீன், பொழுதுபோக்குக்காகப் பிடிக்கப்படும் மீன், இத்தனை காவலோடு வளர்க்கப்படுகின்றது. நம் ஆற்றில் தானே பிறந்து ஏழையின் உணவாகும் மீனுக்கு அதில் நாலில் ஒரு பங்கு காவலாவது உண்டா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

வெள்ளாற்றின் நிலை

வெள்ளாறும் மலையில் பிறந்த ஆறே. சேலம் பக்கத்து மலைகளில் தோன்றும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகி, மணிமுத்தா நதியையும் ஏற்றுக்கொண்டு, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கின்றது. ஆயினும் அம்மலைகளில் பனி இல்லை. மழை நின்றால் ஆறும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரு கரையும் புரள ஓடும் ஆறு, மாசியில் ஒரு நூல்போல் மெலிந்து, பங்குனியில் அங்கங்கே மடுக்களாகத் துண்டுபடும்.

வீராணம் ஏரி பத்தாம் நூற்றாண்டில் சோழர் கட்டியது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள கரையுடையது. கொள்ளிடத்தின் கீழணையில் பிரியும் வடவாறு இதனை நிரப்புகின்றது. நிறைந்த மட்டம் 47.5 அடி. மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12இல் பாசனத்திற்கு ஜலம் திறப்பதும் ஜனவரி 28இல் மூடுவதும் வழக்கம். ஆகவே தை மாத நடுவிற்குப் பிறகு ஏரிக்கு வரவு குறைந்து, செலவு நிற்காது. 2004 முதல் சென்னைப் பட்டணத்தின் குடிநீருக்கும் இந்த ஏரியிலிருந்து ஜலம் எடுக்கப்படுகின்றது. பாசனம், குடிநீர், வெயில் என்னும் மூன்று செலவையும் தாங்கி மிஞ்சும் ஜலத்தில்தான் கோடை முழுவதும் மீன் வாழவேண்டும்.

அணைக்கட்டையும் மீனின் கண்ணால் ஒருமுறை பார்க்கவேண்டும். வில்ஸன் செய்த இரண்டாவது காரியம் இங்கே விளங்கும். உல்லம் என்னும் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு ஆற்றில் வெள்ளத்தை எதிர்த்து ஏறுவது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்ட பின்பு அதன் ஏற்றம் அங்கே தடைப்பட்டது. அணைக்கடியில் கூடிய உல்லத்தின் முட்டைகளை 1909இல் வில்ஸன் கையினால் கருவுறச் செய்து பொரிக்க முயன்றார். வழி அடைபட்ட மீனுக்கு மனிதன் துணை செய்யாவிடில் அதன் குலம் குறையும் என்பதை அவ்விலாகா அன்றே உணர்ந்திருந்தது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டும் மீனுக்கு அத்தகைய ஒரு சுவரே. மேலே ஜலம் வழியாத மாதங்களில் கீழே நிற்கும் மீனுக்கு மேலே செல்ல வழியில்லை. மேலே நிற்கும் மீனுக்குக் கீழே செல்லவும் வழியில்லை. அணையடி மடுவில் அது கூடிநிற்பது அதன் விருப்பத்தினால் அன்று.

ஜலத்தின் குறிகள்

மலை ஆற்றில் தூண்டில் போடுபவன் முதலில் ஜலத்தைப் படிப்பான். பிறகே கோலை எடுப்பான். வெள்ளாற்றிலும் வீராணத்து வாய்க்கால்களிலும் பின்வரும் குறிகளைக் கவனிக்கவேண்டும்.

1. மட்டம். ஒரு குச்சியை நட்டு நாள்தோறும் ஜலத்தின் அளவைக் கோடிட்டுக் காண்க. மெல்லக் குறையும் ஜலத்தில் மீன் ஓரத்தை விட்டு ஆழத்திற்கு நகரும். ஒரேயடியாகக் குறைந்தால் குட்டைகளில் அகப்பட்டுவிடும்.

2. நிறம். மாசியில் ஜலம் தெளிந்திருக்கும். அப்பொழுது மீன் மனிதனைக் காணும். கரையில் உட்கார்ந்து, வெயிலுக்கு எதிர்முகமாய் இருந்து, நிழல் ஜலத்தில் விழாமல் தூண்டில் இடவேண்டும். பங்குனியில் ஜலம் பச்சை நிறம் கொண்டால் நுண்ணிய பாசி பெருகியிருக்கின்றது என்று அறிக.

3. மூச்சு. பாசி நிறைந்த நிலை ஜலத்தில் பகலில் பிராணவாயு மிகும். இரவில் பாசியும் மூச்சு விடுவதால் குறையும். எனவே விடியற்காலையே மீனுக்கு மிகவும் வாயுக் குறைவான வேளை. அப்பொழுது மீன்கள் வாய் பிளந்து மேல்மட்டத்தில் மிதப்பதைக் கண்டு, ‘மீன் தானே வந்து நிற்கின்றது’ என்று சிலர் மகிழ்ந்து வலை வீசுவர். அது மூச்சுத் திணறும் மீன். மடு நெருக்கடியில் இருக்கின்றது என்பதற்கு அதுவே அடையாளம்.

4. வெப்பம். ஓடும் ஜலத்தில் காலை வெயில் ஏறி இரண்டு மணி நேரத்திற்குள்ளும், மாலையில் வெயில் தாழ்ந்த பின்னும் மீன் இரை தேடும். நடுப்பகலில் ஆழத்திலோ கரை மரத்தின் நிழலிலோ ஒதுங்கும். காஷ்மீரத்தில் நடுப்பகல் நல்ல வேளை. நம் நாட்டில் அதுவே கெட்ட வேளை. காரணம் ஒன்றே: அங்கே மீன் சூட்டைத் தேடுகின்றது, இங்கே குளிர்ச்சியைத் தேடுகின்றது.

5. பூச்சி. மலையில் பூச்சி எழுவதைப்போல நம் ஊரில் மழைக்குப் பின் ஈசல் எழுகின்றது. கோடை மழை ஒன்று பெய்து ஈசல் ஜலத்தில் விழுந்தால் கெண்டைகள் மேலெழுந்து கவ்வுவதைக் கிராமத்துச் சிறுவனும் அறிவான். மற்ற நாட்களில் மண்புழுவே போதிய இரை.

எந்த மீன் எங்கே நிற்கும்

விரால், குரவை ஆகியவை ஜலத்தின் வாயுவோடு காற்றையும் மூச்சாகக் கொள்ளக்கூடியவை. ஆதலால் தாமரையும் கோரையும் அடர்ந்த கலங்கல் குட்டையிலும் அவை பிழைத்திருக்கும். அவ்வப்போது மேலே வந்து காற்றை வாங்கும் சிறு சப்தத்தைக் கொண்டு இருக்குமிடத்தைக் கண்டுகொள்ளலாம். கெளுத்தி அடிமட்டத்தில் திரியும். பொழுது சாய்ந்த பிறகே இரைக்கு வரும். ஆரால் சேற்றில் புதைந்து கிடக்கும். கெண்டை வகைகள் ஓட்டம் மிஞ்சியிருக்கும் துறையையும் அணையடியையும் நாடும்; பிராணவாயு குறைந்தால் முதலில் மடிபவை அவையே.

விராலைப் பற்றி ஒரு செய்தி சிறப்பாகச் சொல்லவேண்டும். அது தன் குஞ்சுகளைக் காக்கும் மீன். செடிகளினிடையே இடம் ஒதுக்கி முட்டையிட்டுத் தாயும் தந்தையும் காவல் நிற்கும். குஞ்சுகள் செந்நிறமாய்த் திரண்டு ஒரு பந்துபோல மிதந்து செல்லும். அவற்றை அணுகும் எதையும் பெற்றோர் பாய்ந்து தாக்கும். இதை அறிந்து குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தவளையைக் கோத்த தூண்டிலை இடுபவர் உண்டு. அவ்வாறு ஒரு விராலைப் பிடித்தால், காவலற்ற குஞ்சுகள் அன்றைய பொழுதிலேயே பிற மீன்களுக்கு இரையாகின்றன. செந்நிறக் குஞ்சுத் திரளைக் கண்டால் அவ்விடத்தை விட்டு நகர்வதே முறை.

பிடிக்கும் முறைகளுள் தூண்டிலே மிகவும் தீங்கு குறைந்தது. ஒவ்வொரு மீனாக வருவதால், வேண்டாததை உயிரோடு விட முடிகின்றது. விடும்பொழுது கையை ஜலத்தில் நனைத்துக்கொண்டு பிடிக்கவேண்டும். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு உரிந்து நோய் பற்றும். வீச்சு வலையானால் கண் அகன்றதாய் இருக்கவேண்டும். தங்கூசி வலையை மடுவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை குறுக்கே கட்டி இரவு முழுதும் விட்டுவைப்பது, வழியை அடைத்துக் கொள்ளையிடுவதை ஒக்கும். ஒரு சாணும் நான்கு விரலும் எட்டாத விராலை விட்டுவிடுவது என்று சங்கங்கள் தமக்குள் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

மடுவை இறைத்தல்

பங்குனியில் கடைசி மடுவை இறைத்து அடியோடு மீன் பிடிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் கண்மாய் வற்றும் காலத்தில் ஊரார் ஊத்தாவும் கச்சாவும் எடுத்து ஒன்றாக இறங்கும் மீன்பிடித் திருவிழா பிரசித்தமானது. முற்றிலும் வற்றிவிடும் கண்மாயில் அது தவறன்று. பிடிக்காவிடில் அந்த மீன் வெயிலில் வீணாகும். ஆனால் கோடை முழுவதும் ஜலம் நிற்கக்கூடிய ஆற்று மடுவின் கதை வேறு.

அம்மடுவில் இருப்பவை வரும் ஐப்பசி வெள்ளத்தில் எதிரேறி முட்டையிட வேண்டிய தாய் மீன்கள். குடியானவன் எவ்வளவு வறுமையிலும் விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கு அஞ்சுவான். கோடை மடுவில் தங்கும் மீன் ஆற்றின் விதைநெல்லாகும். அதை இறைத்துப் பிடிப்பவன் ஒரு நாள் குழம்பிற்காக ஒரு வருஷத்து விளைச்சலைச் செலவழிக்கின்றான்.

கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு கிலோ எடையுள்ள ரோகு சினைமீனின் வயிற்றில் ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இருக்கும். அவற்றுள் ஆயிரத்தில் ஒன்றே பிழைக்கின்றது என்று வைத்துக்கொண்டாலும் 200 மீன்கள் மிஞ்சும். ஒவ்வொன்றும் அரைக் கிலோ வளர்ந்தால் 100 கிலோ ஆகும். இன்று ஒரு கிலோவை எடுப்பதா, வெள்ளத்திற்குப் பின் 100 கிலோவை எதிர்பார்ப்பதா என்று வட்டிக் கணக்கு அறிந்த சங்க அங்கத்தினரே சொல்லட்டும். வெள்ளம் பொய்த்த வருஷத்தில் இக்கணக்கும் பொய்க்கும். அத்தகைய வருஷத்தில் மிஞ்சிய தாய் மீனின் மதிப்பு இன்னும் உயரும்.

இதில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. நிலமும் மாடும் உள்ளவர்களுக்கு மடுவை மூடு என்று சொல்வது எளிது. பங்குனியில் வேறு வேலை இல்லாத மீனவக் குடும்பத்திற்கு அந்த மடுவே அடுப்பெரிக்கும் வழி. இதனை மறந்து சங்கம் ஏதேனும் தீர்மானம் செய்தால் அது நிலைக்காது. இரவில் திருட்டு வலையாக முடியும். மீனவர்களை அழைத்து வைத்துக்கொண்டே தீர்மானிக்கவேண்டும். எல்லா மடுக்களையும் மூட வேண்டுவதில்லை. ஆழமும் நிழலும் கோடை முழுவதும் ஜலமும் உள்ள ஒன்றை மட்டும் ஒதுக்கி, மற்றவற்றில் வழக்கம்போல் பிடிக்க விடலாம். ஒதுக்கிய மடுவிற்கு ஈடாக, மூடிய மாதங்களில் வலைக்கும் பரிசலுக்கும் சிறு கடன் கொடுப்பதும், அம்மடுவின் காவலை அதே குடும்பங்களுக்குக் கூலியோடு ஒப்படைப்பதும் சங்கத்தின் கடமை. ஆற்றை நன்கு அறிந்தவர்களே அதற்கு நல்ல காவலர்.

சட்டமும் ஜாக்கிரதையும்

1897ஆம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டம், ஜலத்தில் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. குறித்த ஜலத்தில் இரண்டு வருஷத்திற்கு மேற்படாமல் மீன்பிடிப்பை முற்றிலும் நிறுத்திவைக்கவும், வலைக் கண்ணின் அளவை நிர்ணயிக்கவும் சர்க்காருக்கு அச்சட்டம் அதிகாரம் அளித்தது. காக்கைக்கொல்லி விதையை இடித்துக் கரைப்பதும், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை மடுவில் ஊற்றுவதும் விஷம் கலப்பதே. அந்த மீனை உண்பவனுக்கும், அதே ஜலத்தைக் குடிக்கும் மாட்டிற்கும் ஆபத்து. மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பவன் மீனுக்கு முன் தன் உயிரை இழக்கக்கூடும்.

சிதம்பரம் வட்டாரத்துப் பழங்கொள்ளிடத்திலும் அதைச் சார்ந்த வாய்க்கால்களிலும் முதலைகள் உண்டு. ஜலம் குறையும் பொழுது அவையும் எஞ்சிய ஆழத்தை நாடும். கலங்கிய மடுவில் ஆழம் அறியாமல் காலை விடுவதும், பொழுது சாய்ந்தபின் தனியே இறங்கி வலை இழுப்பதும் ஆகா. முதலையைக் கண்டால் அடிக்க முற்படாமல் வன இலாகாவிற்குத் தெரிவிக்கவேண்டும். ஆற்றில் மணல் எடுத்த குழிகள் மேலே தெரியாமல் ஆழ்ந்திருக்கும். சிறுவர்களை அங்கே தூண்டிலோடு தனியே விடக்கூடாது.

சங்கம் செய்யத் தக்கவை

முதலாவது, தை மாதக் கூட்டத்திலேயே மடுவைத் தெரிந்தெடுத்தல். பங்குனியில் ஜலம் வற்றிய பிறகு ஆலோசிப்பது, களவு போன பின் கதவைத் தாழிடுவது போலாகும். மீன்பிடி உரிமை குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரின் சம்மதத்தையும் மீன் இலாகாவின் ஆலோசனையையும் எழுத்து மூலம் பெறவேண்டும்.

இரண்டாவது, ஒதுக்கிய மடுவில் மரக்கிளைகளையும் முட்செடிகளையும் போட்டுவைத்தல். வலை வீசுவதற்கு அவை தடையாகும். மீனுக்கு நிழலும் மறைவும் ஆகும். ஆனால் தழை அளவுக்கு மிஞ்சினால் அழுகிப் பிராணவாயுவைக் குறைக்கும். காய்ந்த கிளையே ஏற்றது.

மூன்றாவது, குறிப்புப் புத்தகம். ஜலத்தின் மட்டம், நிறம், விடியற்காலையில் மீன் மிதந்ததா என்பது, பிடித்த மீனின் வகையும் எடையும் ஆகியவற்றை வாரத்திற்கு ஒருமுறை எழுதிவரவேண்டும். மூன்று வருஷத்துக் குறிப்பு இருந்தால் எந்த மாதத்தில் எதை நிறுத்துவது என்பதை ஊராரே முடிவு செய்யலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. ஆற்றிலிருந்து எடுப்பதற்கும் அளவு வேண்டும்.

நான்காவது, குஞ்சு விடுவதில் நிதானம். ஏரியிலும் குளத்திலும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை மழைக்குப் பின் விடுவது நல்ல பலன் தரும். குஞ்சுகளை நம்பத்தக்க பண்ணையிலிருந்து வாங்கவேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஒருபோதும் விடக்கூடாது. அதை வளர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது. குளத்திலிருந்து தப்பி ஆற்றில் புகுந்தால் நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கும். 1952இல் நம் நாட்டிற்கு வந்த ஜிலேபிக் கெண்டையும் அடிக்கடி குஞ்சு பொரித்து இடத்தையும் இரையையும் பற்றிக்கொள்வது. அதனைப் பிடிப்பதற்கு எந்த மாதத்திலும் தடை வேண்டுவதில்லை.

மாதக் கூட்டத்தில் ஆலோசிக்கத் தக்க கேள்விகள்

1. நம் கிராம எல்லையில் சித்திரை முடிய ஜலம் நிற்கும் மடுக்கள் எத்தனை? அவற்றுள் விடியற்காலையில் மீன் மிதக்காத மடு எது?

2. அந்த மடுவில் இப்பொழுது மீன் பிடிக்கும் குடும்பங்கள் எத்தனை? மூடும் மாதங்களில் அவர்களுக்குச் சங்கம் செய்யக்கூடிய உதவி யாது?

3. பத்து வருஷத்திற்கு முன் கிடைத்து இப்பொழுது கிடைக்காத மீன்கள் எவை? ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதுக.

4. நம் வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்து எந்த வாய்க்கால் வழியே எந்த மடுவில் சேர்கின்றது?

நீலகிரியில் டிரௌட் இன்றும் இருப்பதற்குக் குளிர்ந்த ஜலம் ஒரு காரணம். பொரிக்கும் நிலையமும் பிடிப்பதில் வைத்த கட்டுப்பாடும் மற்றவை. குளிர்ந்த ஜலத்தை நாம் வெள்ளாற்றிற்குக் கொண்டுவர முடியாது. கட்டுப்பாட்டைக் கொண்டுவருவதற்குச் சங்கத்தின் ஒரு தீர்மானமும் ஊராரின் ஒற்றுமையும் போதும். இவ்வருஷம் ஒவ்வொரு சங்கமும் ஒரு மடுவையாவது ஒதுக்கி, ஐப்பசி வெள்ளம் வரும்வரை காத்துப் பார்ப்பார்களாக.